வெள்ளை ஈ: மருந்து அடித்த பிறகு வயலில் மிஞ்சுவது யார்?

மாசிப் பட்டத்தில் இரண்டு ஏக்கர் பருத்தி போட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம், கிணற்றுப் பாசனம், கரிசல் மண், பி.டி. வீரிய ஒட்டு விதை. எங்கள் பக்கம் கோடைப் பருத்தி என்றால் தத்துப்பூச்சியும் வெள்ளை ஈயும் கூடவே வரும். இந்த முறை வெள்ளை ஈயை வேறு மாதிரி கையாண்டு பார்த்தேன். மருந்தே தொடவில்லை என்று சொல்ல வரவில்லை, அடித்தேன். ஆனால் எந்த மருந்து யாரைக் கொல்லும், யாரை விட்டு வைக்கும் என்று பார்த்து அடித்தேன். அடித்த பிறகு நடந்ததை இலையிலேயே பேனாவால் குறித்துக் கவனித்தேன். அந்தப் பேனா வேலையைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

பக்கத்து வயல் சித்தப்பாவுடையது. அதே விதை, ஒரே வாரத்தில் ஊன்றியது, ஒரே கிணற்றில் முறைத் தண்ணீர். அவர் வழக்கம்போலக் கடையில் கொடுக்கிற கலவை மருந்துதான் அடித்தார். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வசதி கிடைக்காது.

பி.டி. விதையைப் பற்றி ஒரு வார்த்தை. அது மரபணு மாற்றிய விதை; அதிலுள்ள புரதம் காய்ப்புழுவின் குடலில் வேலை செய்வது. சாறு உறிஞ்சும் பூச்சியை அது ஒன்றும் செய்யாது. 2015-இல் பஞ்சாபில் வெள்ளை ஈ பருத்தியைச் சூறையாடியபோது அங்கே நின்றதும் பெரும்பாலும் பி.டி. பருத்திதான். விதைமேல் பூசி வரும் இமிடாகுளோபிரிட் முதல் ஒரு மாதம் போலக் காக்கும். அதற்குப் பிறகு நம் பாடு.

இலையைத் திருப்புவது

செடியைத் தட்டினால் குப்பென்று கிளம்புகிற வெள்ளை ஈயைப் பார்த்துத்தான் நாம் எல்லோரும் மருந்துக் கடைக்கு ஓடுகிறோம். பறக்கிறவை மொத்தக் கூட்டத்தில் ஒரு பங்குதான். மற்றதெல்லாம் இலையின் அடிப்பக்கம் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

பெண் ஈ இளம் இலையின் அடியில் முட்டை வைக்கும். முட்டைக்குச் சின்னதாக ஒரு காம்பு உண்டு, அது இலைக்குள் செருகியிருக்கும். பொரித்த குஞ்சு கொஞ்ச தூரம் ஊர்ந்து இடம் பார்த்து உட்காரும். ஒரு தடவை உட்கார்ந்தால் பிறகு இறக்கை முளைத்து வெளியே வரும் வரை அதே இடம்தான். நான்கு பருவம், கடைசிப் பருவத்தைக் கூட்டுப்புழு என்கிறோம். வெயில் காலத்தில் முட்டையிலிருந்து ஈ வரை ஏறக்குறைய மூன்று வாரம். இதற்குள் செடி வளர்ந்துவிடுவதால், முட்டை வைத்தபோது நுனியில் இருந்த இலை ஐந்தாவது ஆறாவது இலையாகக் கீழே இறங்கியிருக்கும். ஆகவே பெரிய பூச்சியை மேல் இலையில் தேட வேண்டும். குஞ்சையும் கூட்டுப்புழுவையும் நடு இலையில் தேட வேண்டும். மேலே மட்டும் பார்ப்பவருக்கு அடுத்த வாரம் என்ன வரப்போகிறது என்பது தெரியாது.

காலையில் வெயில் ஏறுமுன் போய்விடுவேன். அந்நேரம் ஈ மந்தமாக இருக்கும். இலையைக் கையில் அள்ளிப் பிடித்தால் பறந்துவிடும்; காம்பை இரண்டு விரலில் பிடித்து மெதுவாகத் திருப்ப வேண்டும். பத்து மடங்கு லென்ஸ் ஒன்று போதும், விலையும் அதிகமில்லை. லென்ஸில் பார்த்தால் கூட்டுப்புழு மீன் செதில் மாதிரி தட்டையாக, வெளிர் மஞ்சளாக இலையோடு படிந்திருக்கும். முதிர்ந்ததில் இரண்டு சிவப்புப் புள்ளிகள் தெரியும். அவை உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் ஈயின் கண்கள். அதைப் பார்த்தால், ஓரிரு நாளில் அந்த ஈ பறக்கப் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஈ வெளியேறும்போது கூட்டின் மேல்தோல் ஆங்கில ‘டி’ (T) எழுத்து மாதிரி பிளக்கும். வெள்ளை ஈக் குஞ்சைத் தின்று அதற்குள்ளேயே வளரும் ஒட்டுண்ணிக் குளவி வெளியேறினால் வட்டமான ஓட்டை இருக்கும். இந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் கண் பழகிக்கொண்டால் போதும், காலிக் கூடுகளை வைத்தே வயலின் கதையைப் படித்துவிடலாம்.

பங்குனி: ஆள் சேர்ப்பது

வயலைச் சுற்றி இரண்டு வரிசை மக்காச்சோளமும், வரப்போரம் தட்டைப்பயறும் ஊன்றியிருந்தேன். தட்டைப்பயறில் எப்படியும் அசுவினி ஏறும். அதைத் தின்னப் பொறிவண்டு வரும். பருத்தியில் பூச்சி வருமுன்னே பொறிவண்டுக்குச் சோறு போட்டு வைப்பதுதான் கணக்கு. சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு, “பூச்சிய நீயே வளக்கிறியா?” என்று சிரித்தார். ஒரு விதத்தில் ஆமாம்.

பங்குனி பாதியில் தட்டைப்பயறு நுனியெல்லாம் கறுப்பு அசுவினி. அடுத்த வாரமே ஆறு புள்ளிப் பொறிவண்டுகள், அப்புறம் அவற்றின் முள் முள்ளான குஞ்சுகள். பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டைகளும் பருத்தி இலையிலேயே கிடைத்தன. மயிரிழைக் காம்பின் நுனியில் ஒற்றை ஒற்றையாக நிற்கும். ஒரு தடவை பார்த்தவருக்கு மறக்காது. அதன் குஞ்சு, அசுவினி, வெள்ளை ஈக் குஞ்சு, இலைப்பேன் என்று கிடைத்ததையெல்லாம் கவ்வி உறிஞ்சும். இவை போகப் பெருங்கண் நாவாய்ப் பூச்சி. பெயருக்கேற்றபடி தலையை விட அகலமாகப் பிதுங்கிய கண்கள், நிற்காமல் ஓடும். இதைப் பார்த்துவிட்டு ‘செடியைக் கெடுக்கும் பூச்சி’ என்று நசுக்குகிறவர்கள் நிறைய. நம் கூலியாட்களிடமும் அதைக் காட்டிச் சொல்லி வைத்தேன்.

வரப்பில் நின்ற துத்திச் செடியை மட்டும் வேரோடு பிடுங்கினேன். வெள்ளை ஈ பருத்தி இல்லாத காலத்தில் தங்குகிற வீடு அது. வெண்டையும் கத்தரியும் அப்படித்தான். இந்த வருஷம் வீட்டுக்குக்கூட வெண்டை போடவில்லை. அதில் வீட்டில் கொஞ்சம் வருத்தம்.

பங்குனிக் கடைசியில் தத்துப்பூச்சி ஏறியது. இலை ஓரம் மஞ்சளாகிக் கீழ்நோக்கி வளையத் தொடங்கிவிட்டது, விட முடியாது. இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் அசிபேட் மாதிரி மருந்தை அடிப்பார்கள். அந்த ஒரு அடியிலேயே அதுவரை சேர்ந்த பொறிவண்டு, நாவாய்ப் பூச்சி எல்லாம் போய்விடும். தத்துப்பூச்சியும் போகும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடுத்து வரும் வெள்ளை ஈக்கு வயல் காலியாக, தடையில்லாமல் கிடக்கும். நான் ப்ளோனிகாமிட் 50 குருணை மருந்தை ஏக்கருக்கு 60 கிராம் கணக்கில் அடித்தேன். அது பூச்சியை உடனே கொல்லாது. சாறு உறிஞ்சுவதை நிறுத்திவிடும், பட்டினியில் சாகும். பொறிவண்டு மறுநாளும் அதே செடியில் ஊர்ந்துகொண்டிருந்தது.

சித்திரை: அடிக்கலாமா, என்ன அடிப்பது

அக்கினி நட்சத்திரம் நெருங்கும்போது வெள்ளை ஈ தெரிய ஆரம்பித்தது. மஞ்சள் தகரத்தில் விளக்கெண்ணெய் தடவி அங்கங்கே நட்டிருந்தேன். அதில் ஒட்டுகிற எண்ணிக்கை ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கத்தான் அது. பொறி வைத்தே வெள்ளை ஈயைத் தீர்த்துவிடலாம் என்ற நம்பிக்கை எனக்கில்லை.

எப்போது மருந்து அடிப்பது என்பதற்கு நம்மூரில் வழக்கமாகச் சொல்வது இலைக்கு 5 முதல் 10. பஞ்சாபில் காலை 10 மணிக்குள் மேல் இலைகளைப் பார்த்து இலைக்கு 6 பெரிய பூச்சி என்று வைத்திருக்கிறார்கள். என் வயலில் இலைக்கு ஐந்தாறு வந்தது. நடு இலைகளில் குஞ்சுகளும் நிறைய. அதே சமயம் காலிக் கூடுகளில் வட்ட ஓட்டை அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தது. குளவி வந்துவிட்டது, ஆனால் பின்தங்கியிருக்கிறது. வெள்ளை ஈயைத் தின்கிற எதிரிப் பூச்சிகள் எப்போதும் இரைக்குப் பின்னால்தான் வரும். அந்த இடைவெளியில் செடி தாங்க வேண்டும். தாங்காது என்று தோன்றியதால் ஒரு தடவை மருந்து அடிப்பது என்று முடிவு செய்தேன்.

கடை அண்ணாச்சி ப்ரொபனோபாஸும் சைபர்மெத்ரினும் கலந்த டப்பாவை எடுத்து வைத்து, “இதோட அசிட்டமிப்ரிட்டும் சேத்து அடிங்க தம்பி. மூணாம் நாளு ஒரு ஈ இருக்காது” என்றார். பொய்யில்லை. மூன்றாம் நாள் இருக்காது. எண்பதுகளின் நடுவில் ஆந்திராவில் குண்டூர், பிரகாசம் பக்கம் சைபர்மெத்ரின் போன்ற இந்தப் பைரித்ராய்டு வகை மருந்துகளை காய்ப்புழுவுக்கு அடித்து அடித்துத்தான் வெள்ளை ஈ பெருகி, பருத்தியே கையை விட்டுப் போனது. பைரித்ராய்டு பறக்கிற ஈயைக் கொல்லும். இலைக்கு அடியில் படிந்த குஞ்சுக்குப் பெரும்பாலும் போய்ச் சேராது. அந்தக் குஞ்சைத் தின்னக்கூடியவர்களை மட்டும் சுத்தமாகக் கொன்றுவிடும். அசிட்டமிப்ரிட்டும் சாறு உறிஞ்சிகளுக்கென்று தனியாக வந்த மருந்துதானே என்று கேட்கலாம். அரிசோனாப் பருத்தியில் சோதித்தபோது அதுவும் எதிரிப் பூச்சிகளை நன்றாகவே குறைத்தது.

அரிசோனாவைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இதே வெள்ளை ஈ பருத்தியை ஆட்டிப் படைத்தது. 1996-இல் புப்ரோபெசின், பைரிப்ராக்சிபென் என்ற இரண்டு மருந்துகளை அவசர அனுமதியில் கொண்டு வந்தார்கள், ஒவ்வொன்றும் ஒரு பருவத்துக்கு ஒரே முறை என்ற கட்டுப்பாட்டோடு. மருந்தின் வீரியம் தீர்ந்த பிறகும் வாரக்கணக்கில் வெள்ளை ஈ எழும்பவில்லை. ஸ்டீவன் நரான்ஹோ, பீட்டர் எல்ஸ்வொர்த் இருவரும் அது ஏன் என்று தோண்டினார்கள். மருந்து கூட்டத்தை ஒரு தட்டுத் தட்டிக் குறைக்கிறது. சாகாமல் மிஞ்சிய எதிரிப் பூச்சிகள் அந்தக் குறைந்த கூட்டத்தை மேலே வர விடாமல் பிடித்து வைக்கின்றன. அவர்கள் சோதித்ததும் இலையில் இருக்கும் குஞ்சுகளை மையால் குறித்து, ஒவ்வொன்றும் எப்படிச் செத்தது என்று தொடர்ந்து பார்த்துத்தான். பேனா யோசனை எனக்கு அங்கிருந்து வந்தது.

புப்ரோபெசின் குஞ்சு தோல் உரிக்கும்போது புதுத் தோல் உருவாகாமல் தடுக்கும். பைரிப்ராக்சிபென் முட்டையைப் பொரிக்க விடாது, கூட்டுப்புழுவை ஈயாக விடாது. இரண்டும் பறக்கிற ஈயைக் கொல்லாது. இரண்டில் எதை எடுப்பது என்பது எனக்கு யோசிக்க வேண்டிய விஷயமாகவே இருக்கவில்லை. மேற்கே ஒரு வயல் தள்ளி மல்பெரித் தோட்டம், பட்டுப்புழு வளர்க்கிறார்கள். பைரிப்ராக்சிபென் துளி காற்றில் போய் மல்பெரி இலையில் பட்டாலே பட்டுப்புழு கூடு கட்டாமல் போய்விடும். அடுத்தவர் பிழைப்பில் கை வைக்கிற வேலை வேண்டாம். புப்ரோபெசினும் எல்லாருக்கும் நல்லது என்று இல்லை. பொறிவண்டுக் குஞ்சுகளும் தோல் உரிப்பவைதானே, அவற்றுக்கும் ஓரளவு பாதிப்பு உண்டு. வளர்ந்த பொறிவண்டு, குளவி, நாவாய்ப் பூச்சி, சிலந்தி எல்லாம் பெரும்பாலும் தப்பும் என்பதுதான் அதன் நன்மை.

அடித்த விதம்

புப்ரோபெசின் 25 எஸ்.சி. (25 சதவீதத் திரவ மருந்து), ஏக்கருக்கு 400 மில்லி, 200 லிட்டர் தண்ணீர். என் பேட்டரி தெளிப்பான் 16 லிட்டர், ஆக டேங்குக்கு 32 மில்லி. தண்ணீரைக் குறைத்து ஏழெட்டு டேங்கில் ஏக்கரை முடிக்கிற வழக்கம் எங்கள் ஊரில் இருக்கிறது. இந்த மருந்துக்கு அது சரிப்படாது. இது செடிக்குள் ஊடுருவி ஓடாது, குஞ்சின் மேல் பட்டால்தான் உண்டு. குஞ்சு இருப்பது இலைக்கு அடியில், அதுவும் நடு இலையில்.

அதனால் ஹாலோ கோன் நாசிலை (துளியைக் கூம்பு மாதிரி விசிறும் முனை) மாட்டி, குழாயின் தலையை மேல்நோக்கித் திருப்பி, செடியின் இடுப்பளவில் நுழைத்துக் கீழிருந்து மேலே அடித்தேன். குனிந்தபடியே நடக்க வேண்டும். முதுகு விட்டுப்போகும், கூலிக்கு வருகிறவர்கள் இப்படி அடிக்க மாட்டேன் என்பார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஒரு பாத்தி முடிந்ததும் இலையைத் திருப்பி அடிப்பக்கம் நனைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மேலே பளபளவென்று நனைந்து அடியில் காய்ந்திருந்தால் காசு தண்டம்.

மல்பெரிப் பக்கத்துக் கடைசி வரிசைகளில் புப்ரோபெசின் அடிக்கவில்லை. அங்கே மீன் எண்ணெய் சோப்பு மட்டும், லிட்டருக்கு 25 கிராம். வேப்பங்கொட்டைக் கரைசலும் பட்டுப்புழுவுக்கு ஆகாது என்பதால் அதையும் அந்தப் பக்கம் கொண்டு போகவில்லை. மற்ற இடத்தில் ஒரு வாரம் முன்பே வேப்பங்கொட்டைப் பருப்பு 5 சதவீதக் கரைசல் அடித்திருந்தேன். ஏக்கருக்குப் பத்து கிலோ பருப்பை இடித்து, ராத்திரி முழுக்க ஊறப் போட்டு, துணியில் வடிகட்டி, 200 லிட்டராக்கி, கொஞ்சம் சோப்பு சேர்த்து, சாயங்காலம் அடிப்பது. வெயிலில் அடித்தால் அதன் வீரியம் சீக்கிரம் போய்விடும்.

அடித்து மூன்றாம் நாள் சித்தப்பா வரப்பில் நின்று என் செடியை ஒரு தட்டு தட்டினார். குப்பென்று கிளம்பியது. “என்னடா, மருந்தடிச்சும் பறக்குது? காசக் கரைச்சி ஊத்திருக்க” என்றார். அவர் வயலில் அன்றைக்குத் தட்டினால் ஒன்றும் பறக்கவில்லை. கலவை மருந்து சொன்னபடி வேலை செய்திருந்தது. ஒரு வாரத்துக்கும் மேலாக என் வயலில் ஈ பறந்துகொண்டுதான் இருந்தது. இந்த மருந்தில் அப்படித்தான் இருக்கும். இந்த ஒரு வாரத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க முடியாதவர்கள் பயந்து போய் மேலே ஒரு பைரித்ராய்டை அடித்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் முதல் மருந்துக்குக் கொடுத்த காசும் வீண்.

பேனா

மருந்து அடித்து இரண்டு மூன்று நாள் கழித்து, நடு இலைகளில் குஞ்சு இருக்கும் இடங்களைத் தேர்ந்து, பால்பாயிண்ட் பேனாவால் ஒவ்வொரு குஞ்சைச் சுற்றியும் சின்ன வட்டம் போட்டேன். குஞ்சின் மேல் பேனா படக் கூடாது. அழுத்தினால் இலை கிழியும். நரம்பு ஓரமாக எழுதினால் மை நிற்கும். இலைக் காம்பில் ஒரு நூல் கட்டி, நோட்டில் செடி எண்ணும் இலையும் குறித்துக்கொண்டேன். சித்தப்பா வயலிலும் இதே போல. அவரிடம் கேட்டுத்தான் செய்தேன். “கிறுக்குப் பயலே, இலையில கையெழுத்துப் போடுறியா” என்றார், தடுக்கவில்லை.

சில நாளுக்கு ஒருமுறை லென்ஸோடு போய் வட்டத்துக்குள் இருப்பதைப் பார்ப்பேன். செத்த குஞ்சு எப்படிச் செத்தது என்பதை அதன் உடலே சொல்லும். தோல் பாதி உரிந்த நிலையில் கருகிக் காய்ந்து கிடந்தால் அது புப்ரோபெசின் வேலை. காற்றுப் போன பை மாதிரி மேல்தோல் அப்படியே இருந்து உள்ளே ஒன்றுமில்லாமல் தட்டையாகக் கிடந்தால் நாவாய்ப் பூச்சியோ கண்ணாடி இறக்கைக் குஞ்சோ உறிஞ்சியிருக்கிறது. பொறிவண்டு கடித்திருந்தால் தோலின் துண்டு துணுக்கு மட்டும் மிஞ்சும், சில சமயம் வட்டம் வெறுமையாகவே இருக்கும். குளவி ஏறிய கூட்டுப்புழுவில் அந்தச் சிவப்புக் கண்கள் தெரியாது. நிறம் மாறிப் பழுப்பாகவோ, சிலதில் வெளிர் ஆரஞ்சாகவோ இருக்கும். பிறகு ஒரு நாள் வட்ட ஓட்டை.

என் வயலில் முதல் சுற்று வட்டங்களில் பெரும்பாலானவை தோல் உரிக்க முடியாமல் காய்ந்தவை. மருந்து வேலை செய்கிறது என்று அதில் தெரிந்தது. எனக்கு முக்கியமாகப் பட்டது அடுத்த சுற்று. மருந்து அடித்து மூன்று வாரம் ஆகிறது, அதன் வீரியம் பெருமளவு இறங்கியிருக்கும், செடியில் புது இலைகள் வந்துவிட்டன. அந்தப் புது இலைக் குஞ்சுகளைச் சுற்றி வட்டம் போட்டேன். அவற்றில் ‘டி’ பிளவோடு ஈ வெளியேறியவை கொஞ்சம்தான். மீதி உறிஞ்சப்பட்ட தோல், வெற்று வட்டம், வட்ட ஓட்டை. இவற்றில் மருந்துக்குப் பங்கு குறைவு. உறிஞ்சிக் கொன்றதுதான் அதிகம், குளவி அடுத்தபடி. குளவிக்குத்தான் நாம் பெரிய பெயர் கொடுத்து வைத்திருக்கிறோம். அரிசோனாவிலும் குளவியை விட, தின்றும் உறிஞ்சியும் கொன்றவற்றின் பங்கும், காற்று மழையில் குஞ்சு இலையை விட்டு உதிர்ந்து போவதும்தான் பெரிதாக இருந்தது.

சித்தப்பா வயலில் அதே சமயம் நிலைமை வேறு. கலவை அடித்து பத்துப் பன்னிரண்டு நாளிலேயே ஈ திரும்பியது, முன்னை விட அதிகமாக. நான் போட்ட வட்டங்களில் ‘டி’ பிளவுதான் வரிசையாக. வட்ட ஓட்டை ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. உறிஞ்சிய தோல் அபூர்வம். அவர் செடியை உதறி வெள்ளைத் துணியில் தட்டிப் பார்த்தோம். ஒரு சிலந்தியும் இரண்டு எறும்பும் விழுந்தன. என் செடிக்குக் கீழே அதே துணியைப் பிடித்தபோது நாவாய்ப் பூச்சிகள் நாலு பக்கமும் ஓடியதைப் பார்த்து, “இதுகளா தின்னுது?” என்று கேட்டார். லென்ஸை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

போத்தல் சோதனை

வட்ட ஓட்டையை நம்பாதவர்களுக்கு இன்னொரு வழி. நிறம் மாறிய கூட்டுப்புழு உள்ள இலையைப் பறித்து, காம்பை ஈரப் பஞ்சில் சுற்றி, அகல வாய்க் கண்ணாடி போத்தலில் போட்டு மெல்லிய துணியால் கட்டி நிழலில் வைத்தேன். சில நாளில் துணியின் அடியில் மஞ்சளாக, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குளவிகள் ஊர்ந்தன. இறக்கையை விரிக்காமல் வேகமாக நடக்கும். இவற்றுக்குக் கொட்டவெல்லாம் தெரியாது. என்கார்சியா, எரெட்மோசீரஸ் என்று ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு பேரினங்கள் வெள்ளை ஈ மேல் வருவதுண்டு. எனக்கு வந்தது எந்த இனம் என்று சொல்ல நுண்ணோக்கியும் தெரிந்த கண்ணும் வேண்டும்.

தென்னை வைத்திருப்பவர்களுக்கு என்கார்சியா புதிதல்ல. 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் சுருள் வெள்ளை ஈ தென்னையில் பரவியபோது, ‘மருந்து அடிக்காதீர்கள், என்கார்சியா வரட்டும்’ என்றுதான் விஞ்ஞானிகள் கெஞ்சினார்கள். அந்தக் குளவியும் இந்தக் குளவியும் ஒரே இனமாக இருக்க வேண்டியதில்லை, தொழில் ஒன்று. இந்தக் குடும்பத்தில் ஒரு விசித்திரம் உண்டு: சில இனங்களில் பெண் குளவி வெள்ளை ஈக் குஞ்சுக்குள் வளரும், ஆண் குளவியோ, ஏற்கெனவே வெள்ளை ஈக்குள் வளர்ந்துகொண்டிருக்கும் குளவிக் குஞ்சைத் தின்று வளரும், தன் இனத்துப் பெண்ணாக இருந்தாலும் சரி. இதைச் சொன்னபோது சித்தப்பா நம்பவே இல்லை.

பூச்சிக்கு நோய் உண்டாக்க லெகானி என்று கடையில் விற்கிற பூஞ்சணத்தையும் ஒரு பாத்தியில் அடித்துப் பார்த்தேன். அக்கினி வெயிலில் அதற்கு வேண்டிய ஈரப்பதம் எங்கே? ஒன்றும் நடக்கவில்லை. மழைக்காலப் பருத்தியில் பார்த்தால் வேறு கதையாக இருக்கலாம். கோடைக்கு நான் மறுபடி வாங்க மாட்டேன்.

வைகாசிக்குப் பிறகு

வைகாசி நடுவில் ஒரு கோடை மழை கொட்டியது. பறக்கிற ஈ பாதிக்கு மேல் அடித்துப் போய்விட்டது, இரண்டு வயலிலும்தான். மழையின் புண்ணியத்தை என் கணக்கில் சேர்க்கக் கூடாது. மழைக்குப் பிறகு சித்தப்பா வயலில் எண்ணிக்கை மறுபடி ஏறியது. என் வயலில் ஏறவில்லை. அந்த வித்தியாசத்தைத்தான் நான் கணக்கில் எடுத்தேன். அவர் மேலும் இரண்டு முறை அடித்தார், இரண்டாவதில் மருந்தை மாற்றி. நான் வெள்ளை ஈக்கென்று அதற்குமேல் எதுவும் அடிக்கவில்லை.

யூரியாவிலும் வித்தியாசம் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. நான் பிரித்துப் பிரித்துக் குறைவாகப் போட்டேன். அவர் செடி கரும்பச்சையாகத் தளதளவென்று நின்றது. வெள்ளை ஈக்குத் தளதளத்த இலைதான் பிடிக்கும். அவர் வயலில் ஏறியதில் எவ்வளவு யூரியா, எவ்வளவு மருந்து என்று பிரித்துச் சொல்ல என்னிடம் கணக்கில்லை. உறிஞ்சிய தோலும் வட்ட ஓட்டையும் இல்லாமல் போனதற்கு யூரியா காரணமாக முடியாது, அது மட்டும் உறுதி.

ஆனியில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு வந்தது. இதற்குப் பி.டி. விதை இப்போது தாங்குவதில்லை. இனக்கவர்ச்சிப் பொறியில் அந்து ஏறியதும் ஊரே பைரித்ராய்டுக்குப் போகும். கடைசிக் காலத்தில் வெள்ளை ஈ மறுபடி வெடிப்பது பெரும்பாலும் இங்கேதான். நான் இதழ் விரியாமல் முறுக்கிக்கொண்ட பூக்களைக் கூலி வைத்துப் பறிக்கச் சொல்லி அழித்தேன், ஒரு முறை எமாமெக்டின் பென்சோயேட் அடித்தேன். எமாமெக்டினும் எதிரிப் பூச்சிகளுக்கு முழுக்க நல்லதில்லை, பைரித்ராய்டைவிடப் பரவாயில்லை. சில காய் சொத்தையானது.

வெடித்த பருத்தியில்தான் கடைசிச் சோதனை. வெள்ளை ஈ கழிக்கும் இனிப்பு நீர் இலையிலிருந்து வெடித்த காயின் மேல் சொட்டும். அதில் கரும்பூஞ்சணம் ஏறிப் பஞ்சு கறுக்கும், ஒட்டும். ஒட்டுகிற பஞ்சு நூற்பு ஆலையில் உருளையில் சுற்றிக்கொள்ளும், அதனால் வியாபாரி விலையைக் குறைப்பார். பஞ்சை விரலில் பிசைந்து பார்த்தே அவர் கண்டுபிடித்துவிடுகிறார். என் முதல் எடுப்பில் கறுப்பு இல்லை. இரண்டாம் எடுப்பில் மல்பெரிப் பக்கத்துச் சோப்பு மட்டும் அடித்த வரிசைகளில் கொஞ்சம் ஒட்டியது. அதைத் தனியாகக் கட்டச் சொன்னேன், கலந்து கட்டினால் முழுச் சிப்பமும் இரண்டாந்தரமாகிவிடும். சித்தப்பா பஞ்சு கறுத்தது, விலையிலும் அடி.

இப்போது ஆடிக் காற்று அடிக்கிறது, எடுப்பு முடிந்துவிட்டது. பருத்திமாரை, அதாவது எடுப்பு முடிந்து நிற்கிற செடியை, ஆடு மேய விட்டுப் பிடுங்கியாக வேண்டும். புரட்டாசியில் இதே நிலத்தில் உளுந்து. மார் நின்றால் அதிலிருந்து வெள்ளை ஈ நேரே உளுந்துக்கு வந்து மஞ்சள் தேமலை ஏற்றிவிடும். சித்தப்பாவும் சேர்ந்து பிடுங்கினால்தான் பலன் என்று சொல்லியிருக்கிறேன். சரி என்றிருக்கிறார், ஆடுக்காரரிடம் அடுத்த வாரம் வரச் சொல்லியாகிவிட்டது.